பழைய செஸ் மாஸ்டர்களின் ஆட்டங்களை எப்படிப் படிப்பது?

கேள்வி இது: "என் செஸ் ரேட்டிங் ரொம்ப நாளாக 1400-ஐச் சுற்றியே நிற்கிறது. தினமும் டாக்டிக்ஸ் புதிர் போடுகிறேன், ஓப்பனிங்கும் ஓரளவு தெரியும். ஆனால் பன்னிரண்டு, பதினைந்து நகர்த்தல் தாண்டியதும் என்ன செய்வதென்றே தெரியவில்லை. பழைய மாஸ்டர்களின் ஆட்டங்களைப் படி என்கிறார்கள். செஸ் ஆடும் கணினி இன்ஜின் இருக்கும் காலத்தில் நூறு வருடத்துக்கு முந்தைய ஆட்டங்கள் எதற்கு? படிப்பதென்றால் எப்படிப் படிப்பது?"

கட்டாயம் படிக்க வேண்டும். உங்களுக்கு இப்போது இருக்கும் சிக்கலுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் ஆட்டத்தைப் படிப்பதாக நினைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனால் நாற்பது நகர்த்தல் இரண்டு நிமிடத்தில் ஓடிவிடும். "அடடா, என்ன அருமை" என்று தோன்றும். மறுநாள் ஒன்றும் நினைவில் இருக்காது. நானும் சில வருடங்கள் அப்படித்தான் செய்தேன். நூற்றுக்கணக்கான ஆட்டங்களைப் பார்த்திருப்பேன், என் விளையாட்டில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அப்புறம் ஒரே ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொண்டு மூன்று நாள் மாலை பலகை முன்னால் உட்கார்ந்தேன். நடு ஆட்டம் என்றால் என்ன என்று எனக்குப் புரியத் தொடங்கியது அங்கேதான். அந்த ஆட்டத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் "எதற்குப் பழைய ஆட்டம்" என்பதைப் பார்த்துவிடலாம். இன்று உச்சத்தில் இருக்கும் இருவர் மோதும்போது, ஒருவர் போடும் திட்டத்தை மற்றவர் முளையிலேயே கண்டுகொள்கிறார், உடனே தடுக்கிறார். முதலாமவர் வேறு திட்டத்துக்கு மாறுகிறார், அதற்கும் தடை வருகிறது. உண்மையான போராட்டம் பலகையில் நடக்காத வரிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. நமக்குத் தெரிவதெல்லாம் காரணம் புரியாத சின்னச் சின்ன நகர்த்தல்கள்தான். 1900-களின் தொடக்கத்தில் நடந்த ஆட்டங்களில் நிலைமை வேறு. ஒருவர் திட்டம் போட்டால், விதைப்பதிலிருந்து அறுவடை வரை அது முழுசாகப் பலகையில் நடந்து முடியும். கற்பவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

இன்ஜின் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சிப்பாயின் மதிப்பை 1 என்று வைத்து, அது "வெள்ளைக்கு 0.7 சாதகம்" என்று சொல்லும். அந்த 0.7 எங்கே இருக்கிறது, எந்தக் கட்டத்தில், எந்தச் சிப்பாயில் என்று சொல்லாது. நீங்கள் தேடுவதோ அதைத்தான்.

பெரிய ஆட்டக்காரர்கள் பழையதை விட்டுவிடவும் இல்லை. இரண்டு குதிரை டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங்கில், முதல் உலக சாம்பியன் ஸ்டைனிட்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் ஆடிய ஒரு விநோதமான நகர்த்தல் உண்டு: ஒன்பதாவது நகர்த்தலில் குதிரையைப் பலகையின் ஓரத்துக்கு, எச்3 என்ற கட்டத்துக்குக் கொண்டுபோவது. அதை ஃபிஷர் 1963-ல் தூசி தட்டி எடுத்து பிஸ்கையருக்கு எதிராக ஆடி வென்றார். 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீயில் அரோனியனை ஆனந்த் 23 நகர்த்தல்களில் வீழ்த்திய ஆட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பின் இரண்டு பிஷப்புகளும் அடுத்தடுத்த மூலைவிட்டங்களில் வெள்ளை ராஜாவைக் குறிபார்த்து நிற்கும், ஒரு குதிரை ஜி4-க்குப் பாய்ந்திருக்கும். 1907-ல் ரோட்லெவிக்கு எதிராக ரூபின்ஸ்டைன் ராணியையே பலி கொடுத்து வென்ற ஆட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி, ஆனால் காய்களின் வியூகம் ஒன்றுதான்.

சரி, இப்போது நான் சொன்ன ஆட்டம். ரூபின்ஸ்டைன் வெள்ளை, சால்வே கறுப்பு. இப்போது போலந்தில் இருக்கும் லோட்ஸ் நகரில் 1908-ல் நடந்தது. (பெயர்க் குழப்பம் வேண்டாம் என்பதற்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மந்திரி என்று சிலர் ராணியைச் சொல்வார்கள், சிலர் பிஷப்பைச் சொல்வார்கள். அதனால் பிஷப் என்றே எழுதுகிறேன். மூலையில் நிற்பது யானை. கட்டங்களை ஏ1 முதல் எச்8 வரை வழக்கம்போலக் குறிக்கிறேன்: எழுத்து மேல்கீழாகச் செல்லும் வரிசை, எண் குறுக்காகச் செல்லும் வரிசை.) பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள், இல்லாவிட்டால் இந்தப் பகுதி வெறும் எழுத்தாகத்தான் இருக்கும்.

எட்டு நகர்த்தல் முடிந்தபோது கறுப்புக்கு டி5-ல் ஒரு தனிச் சிப்பாய். பக்கத்து வரிசைகளில் துணை இல்லாத, பலவீனமான சிப்பாய் என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கும் அதே வகை. வெள்ளைக் குதிரை டி4-ல் நிற்கிறது. கறுப்பு ராணி பி6-க்கு வந்து அந்தக் குதிரையைத் தாக்குகிறது. இங்கே ரூபின்ஸ்டைன் என்ன செய்தார் தெரியுமா? குதிரையால் சி6-ல் இருந்த குதிரையை வெட்டினார். கறுப்பு பி சிப்பாயால் திருப்பி வெட்டியது. அதாவது, தனியாக நின்ற டி5 சிப்பாய்க்கு சி6-ல் ஒரு துணையை ரூபின்ஸ்டைனே கொண்டுவந்து கொடுத்தார்.

முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்குப் பிடிபடவே இல்லை. பலவீனத்தை ஏன் சரிசெய்து கொடுக்க வேண்டும்? பலகையை நன்றாகப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. சி வரிசையில் வெள்ளைக்குச் சிப்பாய் இல்லை. ஆகவே சி6 சிப்பாய் நேராக வெள்ளை யானையின் பார்வையில் நிற்கிறது. அது ஒரு கட்டம் முன்னேறி சி5-க்கு வந்துவிட்டால் கதை மாறிவிடும். சி5-ம் டி5-ம் தோளோடு தோள் நின்று பி4, சி4, டி4, இ4 நான்கு கட்டங்களையும் அடக்கும், பலவீனமே பலமாகிவிடும். வராவிட்டால் கடைசிவரை அது சுமைதான். அப்படியானால் இந்த ஆட்டம் முழுக்க ஒரே கேள்விதான்: அந்தச் சிப்பாய் சி5-க்கு வருமா, வராதா?

இதைப் பிடித்துக்கொண்டால் அடுத்த இருபது நகர்த்தலும் தானாக விளங்கும். 11-ல் குதிரை ஏ4-க்குப் போகிறது: ராணியைத் தாக்குகிறது, சி5-ஐயும் பார்க்கிறது. ராணி பி5-க்கு விலகுகிறது. 12-ல் பிஷப் இ3: டி4, சி5 இரண்டையும் பார்க்கிறது. 13-ல் யானை சி1. கறுப்பு பிஷப் ஜி4-க்கு வந்து இ2 சிப்பாயைக் குறிவைக்கிறது. 14-ல் வெள்ளை எஃப்3 தள்ளுகிறது, பிஷப் இ6-க்குப் பின்வாங்குகிறது. 15-ல் வெள்ளை பிஷப் சி5-ல் உட்கார்கிறது. வழி அடைபட்டது.

இப்போது 16-ஆவது நகர்த்தல். கறுப்பு யானை இ8-க்கு வந்திருக்கிறது. இந்த இடத்தில் ரூபின்ஸ்டைனின் நகர்த்தலை மறைத்துவிட்டு நான் யோசித்தேன். சி5-ஐப் பிடித்தாயிற்று, அடுத்து டி4-ஐயும் பிடித்தால் இரண்டு சிப்பாய்களும் அசையவே முடியாது, எனவே ராணி டி4 என்று நோட்டில் எழுதினேன். காரணமும் எழுதினேன். மிகவும் நிறைவாக இருந்தது. காகிதத்தை விலக்கிப் பார்த்தால் அவர் ஆடியது யானை எஃப்2.

ஏன்? பி5-ல் நிற்கும் கறுப்பு ராணி மூலைவிட்டத்தில் நேராக இ2-ஐப் பார்த்துக்கொண்டிருக்கிறது. என் ராணி டி1-ஐ விட்டு நகர்ந்ததும் இ2 சிப்பாய் சும்மா போயிருக்கும். நான் அதைப் பார்க்கவே இல்லை. ரூபின்ஸ்டைன் முதலில் யானையை எஃப்2-ல் வைத்து இ2-ஐக் காவல் காத்தார். ராணிக்கு விடுதலை கிடைத்தது. யானைக்கு எஃப்2 எப்படிக் காலியாக இருந்தது? 14-ல் சிப்பாயை எஃப்3-க்குத் தள்ளியதால். பிஷப்பை விரட்டுவதற்கு மட்டும் என்று நான் நினைத்த அந்த நகர்த்தலுக்கு இரண்டாவது வேலையும் இருந்தது. அப்புறம் 17-ல் பிஷப்புகளை மாற்றிக்கொண்டார், 18-ல் ராணி டி4-க்கு வந்தது. 19-ல் ஜி2 பிஷப் எஃப்1-க்குத் திரும்பியது, 20-ல் இ3 தள்ளியதும் அந்தப் பிஷப் கறுப்பு ராணியைத் தாக்கியது. நான் ஒரே நகர்த்தலில் செய்ய நினைத்ததை அவர் மூன்றில் செய்தார், ஒரு சிப்பாயையும் இழக்காமல் செய்தார்.

அன்று என் நோட்டில் எழுதியது இன்னும் இருக்கிறது: "திட்டம் சரி, வரிசை தப்பு. எதிராளியின் ராணி எதைப் பார்க்கிறது என்று கேட்கவில்லை." என் சொந்த ஆட்டங்களைத் திருப்பிப் பார்த்தபோது தோற்றவற்றில் பல இதே தவறால் போயிருந்தன. ஒரு புதிர்ப் புத்தகமும் எனக்கு அதைச் சொல்லவில்லை. புதிரில் "இங்கே ஏதோ இருக்கிறது" என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஆட்டத்தில் அப்படி யாரும் மணி அடிப்பதில்லை.

மீதியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அழகானது. 15-ல் சி5-ல் பிஷப் உட்கார்ந்தது. 21-ல் அதே கட்டத்தில் குதிரை. அதைக் கறுப்பு வெட்டியதும் 22-ல் யானை. பின்னால் 29-ல் ராணி. ராஜாவும் சிப்பாயும் தவிர வெள்ளையின் எல்லா வகைக் காய்களும் அந்த ஒரே கட்டத்தில் முறை வைத்து உட்கார்ந்திருக்கின்றன. 27-ல் யானையால் சி6 சிப்பாயை வெட்டினார். ராணியால் திருப்பி வெட்டினால் ஏ7-ல் நிற்கும் கறுப்பு யானைக்குக் காவல் போய்விடும், வெள்ளை ராணி அதை எடுத்துவிடும். கணக்குப் பார்த்தால் ஒரு சிப்பாய் லாபம், அவ்வளவுதான். ஒன்பதாவது நகர்த்தலில் குறித்த சிப்பாயைப் பதினெட்டு நகர்த்தல் கழித்து எடுத்தார். 38-ல் ஆட்டம் முடிந்தது. 12 முதல் 26 வரை என்ன செய்வது என்று கேட்டீர்களே, பதில் இங்கே இருக்கிறது. அந்த இடைவெளியில் செய்வதற்கு நிறைய வேலை இருந்தது, அத்தனையும் ஒரு கட்டத்தைச் சுற்றியே.

இப்போது படிக்கும் முறை உங்களுக்கே ஓரளவு தெரிந்திருக்கும். விளக்கத்தோடு கூடிய ஒரு ஆட்டத்தை எடுங்கள். வென்றவர் பக்கம் உட்காருங்கள். முதல் எட்டு, பத்து நகர்த்தலை அப்படியே ஆடிவிடுங்கள். அங்கிருந்து வென்றவரின் ஒவ்வொரு நகர்த்தலையும் ஒரு அட்டையால் மூடிக்கொண்டு, நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் ஒரே ஒரு வரியில் காரணம். அப்புறம் திறந்து பாருங்கள். காரணம் எழுதுவதைத் தயவுசெய்து விடாதீர்கள். காரணம் இல்லாமல் நகர்த்தலை மட்டும் எழுதினால் அது பூவா தலையா ஆகிவிடும். பொருந்தினால் சந்தோஷம், பொருந்தாவிட்டால் வருத்தம், இரண்டிலும் கற்க ஒன்றுமில்லை. நகர்த்தல் பொருந்தியும் காரணம் வேறாக இருந்த இடங்கள் பல எனக்குக் கிடைத்தன. அங்கேதான் மிக அதிகமாகக் கற்றேன்.

திருப்பி வெட்ட வேண்டிய இடம் போன்றவற்றில் அரை நிமிடம் போதும். பலகை அமைதியாக இருக்கும் இடங்களில், அதாவது எதையும் வெட்ட முடியாது, எதுவும் அவசரம் இல்லை என்று தோன்றும் இடங்களில், பத்து நிமிடம்கூட எடுக்கலாம். நீங்கள் திணறும் நிலையும் அதுதானே. ஒரு ஆட்டத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. முடிந்தால் உண்மையான பலகையில் வையுங்கள். கையால் காயைத் தூக்கி வைக்கும்போது வேகம் குறைகிறது, கண் முழுப் பலகையையும் பார்க்கிறது. திரையில் கண் கடைசியாக நகர்ந்த காயிடமே ஒட்டிக்கொள்கிறது.

இன்னொரு ஆட்டத்தையும் நெருங்கிப் பார்த்துவிடலாம், இது எண்ட்கேம், அதாவது சில காய்களே மிஞ்சியிருக்கும் கடைசிக் கட்டம். 1924 நியூயார்க். கபாபிளாங்கா வெள்ளை, டார்டகோவர் கறுப்பு. 34 நகர்த்தல் முடிந்த நிலை: வெள்ளைக்கு ராஜா எஃப்3, யானை எச்7, சிப்பாய்கள் ஏ4, சி3, டி4, எஃப்4, ஜி5. கறுப்புக்கு ராஜா எஃப்8, யானை சி6, சிப்பாய்கள் ஏ7, பி6, சி7, டி5, எஃப்5. இருபக்கமும் ஐந்து ஐந்து சிப்பாய்கள். இப்போது வெள்ளை ஆட வேண்டும், கறுப்பு யானை சி3-ஐச் செக்கோடு எடுக்கத் தயாராக இருக்கிறது. மேலே படிக்காமல் ஐந்து நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

பெரும்பாலானவர்கள் யானையைக் கீழே இறக்கி எப்படியாவது தற்காக்கப் பார்ப்பார்கள். இயல்பான எண்ணம்தான். ஆனால் ஏழாவது வரிசையில் நிற்கும் அந்த யானைதான் கறுப்பு ராஜாவைக் கடைசி வரிசையில் பூட்டி வைத்திருக்கிறது. அதை இறக்கினால் பூட்டு திறந்துவிடும். கபாபிளாங்கா ராஜாவை ஜி3-க்கு நகர்த்தினார். சி3 செக்கோடு போனது. ராஜா எச்4-க்குப் போனது. கறுப்பு யானை எஃப்3-க்கு வந்து எஃப்4-ஐத் தாக்கியது. வெள்ளை ஜி6 தள்ளியது. எஃப்4-ம் செக்கோடு போனது. ராஜா ஜி5-க்கு வந்தது. இரண்டு சிப்பாய்களைச் செக்கோடு தானமாகக் கொடுத்துவிட்டு ராஜா மேலே நடக்கிறது! அதற்கு எஃப்6 வேண்டும். ஜி3, எச்4, ஜி5, எஃப்6 என்பதுதான் பாதை. ஜி6 தள்ளியது சிப்பாயை முன்னேற்றியது, ராஜாவுக்கு ஜி5 கட்டத்தையும் காலி செய்து கொடுத்தது. ஒரு நகர்த்தலுக்கு இரண்டு வேலை, ரூபின்ஸ்டைனின் எஃப்3 போலவே.

இந்த ஆட்டத்தில் நான் மிகவும் நேசிக்கும் இடம் 39-ஆவது நகர்த்தல். ராஜா ஜி5-ல் நிற்கிறது, பக்கத்திலேயே எஃப்5-ல் கறுப்புச் சிப்பாய். வெள்ளைக்கு இரண்டு சிப்பாய் குறைவு. எடுத்தால் என்ன? கபாபிளாங்கா எடுக்கவில்லை. அதைத் தாண்டி எஃப்6-க்குப் போனார். அந்தக் கறுப்புச் சிப்பாயே வெள்ளை ராஜாவுக்குக் குடை. எஃப் வரிசையில் பின்னாலிருந்து கறுப்பு யானை செக் கொடுக்க முடியாது, தன் சொந்தச் சிப்பாயே வழியை மறிக்கிறது. இப்போது யானை எச்8-க்குப் போனால் செக்மேட். கறுப்பு ராஜா ஜி8-க்கு ஒதுங்கியது, அங்கிருந்து வெள்ளை சி7, எஃப்5, ஏ7, டி5 என்று நான்கு சிப்பாய்களையும் வரிசையாக எடுத்தது. எஃப்5-ஐ முதலில் விட்டுவிட்டுப் பிறகு எடுத்தாரே என்பதைக் கவனியுங்கள். குடை தேவைப்படாத நேரம் வந்தபிறகு எடுத்தார். 52-ல் டார்டகோவர் விட்டுக்கொடுத்தார்.

எண்ட்கேமில் ராஜாவைப் பயன்படுத்து, யானையை உயிர்ப்போடு வை என்று எல்லாப் பாடத்திலும் சொல்வார்கள். அது எவ்வளவு விலைக்குத் தகும் என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு சிப்பாய் வரை தகும் என்று இந்த ஆட்டம் காட்டுகிறது. அந்த விலை தெரிந்தபிறகு என் சொந்த எண்ட்கேம்களில் சிப்பாயைப் பிடித்துக்கொண்டு தொங்கும் பழக்கம் குறைந்தது.

இதே மாதிரி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதன் இதயம் ஒன்று இருக்கும். 1971-ல் புவெனஸ் அயர்ஸில் ஃபிஷரும் பெட்ரோசியனும் ஆடிய ஏழாவது ஆட்டத்தில் அது 22-ஆவது நகர்த்தல். சி5-ல் ராஜாங்கமாக உட்கார்ந்திருந்த குதிரையை, டி7-ல் முடங்கிக் கிடந்த பிஷப்புக்காகக் கொடுத்தார் ஃபிஷர். பார்த்தால் நஷ்டக் கணக்கு மாதிரி இருக்கும். பலகையை விட்டுப் போனதை மறந்துவிட்டு மிச்சம் இருப்பதைப் பாருங்கள். சி வரிசை வெள்ளை யானைக்குத் திறந்துவிட்டது, இரண்டே நகர்த்தலில் அது சி7-ல் நிற்கிறது, கறுப்புக்குத் தடுக்க ஆளில்லை. 1974 நீஸ் செஸ் ஒலிம்பியாடில் கார்போவ் உன்சிக்கருக்கு எதிராக 24-ல் பிஷப்பை ஏ7-ல் கொண்டுபோய்ச் செருகினார். ஏ வரிசையில் யானைகளை மாற்றிக்கொள்ள இருந்த வழி அடைபட்டது. அந்த மறைவில் தன் யானைகளை நிதானமாக அடுக்கிக்கொண்டு, கடைசியில் வெற்றியை எதிர்ப் பக்கத்தில் ராஜாவிடம் தேடினார். 1953 ஜூரிக்கில் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராகப் பெட்ரோசியன் யானையை இ6-ல் வைத்து "பிஷப்பால் எடுத்துக்கொள்" என்றார். குதிரைக்கு டி5 கட்டம் கிடைப்பதற்காக அந்த விலை. அந்த ஆட்டம் டிராதான். டிரா ஆட்டம் படிக்க உதவாது என்பவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தால், காஸ்பரோவ் இவர்களிடமிருந்து தொடங்காதீர்கள். அவர்களுடைய ஆட்டங்கள் கிளர்ச்சியூட்டும், ஆனால் கணக்கீட்டின் ஆழத்தில் நமக்குக் காரணம் கைக்கு எட்டாது. மார்ஃபி 1858-ல் பாரிஸ் ஓபராவில் ஆடிய 17 நகர்த்தல் ஆட்டம் ஒரு மாலைக்குப் போதும். முடியும்போது கறுப்பின் எஃப்8 பிஷப்பும் எச்8 யானையும் இடத்தைவிட்டே அசைந்திருக்காது, பாடம் அதிலேயே இருக்கிறது. அதன்பின் கபாபிளாங்காவும் ரூபின்ஸ்டைனும். இவர்களிடம் ஐந்தாறு மாதம் தங்கலாம். அப்புறம் போட்வினிக், அதற்குப் பின் பெட்ரோசியன், கார்போவ். காலவரிசைப்படி எல்லாரையும் ஒருவர் விடாமல் படிக்க வேண்டும் என்பதெல்லாம் தேவையில்லை.

ஆனால் ஒன்று செய்யுங்கள்: ஒரே வகைச் சிப்பாய் அமைப்புக்கு இரண்டு ஆட்டம் எடுங்கள், ஒன்றில் ஒரு பக்கம் வெல்ல வேண்டும், மற்றதில் எதிர்ப் பக்கம். டி வரிசையில் தனிச் சிப்பாய் என்றால் பலவீனம் என்று மட்டும் மனதில் பதிந்தால் ஆபத்து. 1936 நாட்டிங்காமில் போட்வினிக், விட்மருக்கு எதிராக அதே தனிச் சிப்பாயை வைத்துக்கொண்டு, அது தரும் இடத்தையும் இ5 கட்டத்தையும் பயன்படுத்தி, எஃப்7-ல் குதிரையை இறக்கி 24 நகர்த்தலில் முடித்தார். இப்படி இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் எப்போது காய்களை மாற்றிக்கொள்ள வேண்டும், எப்போது கூடாது என்பது பிடிபடும். நீங்கள் ஆடும் ஓப்பனிங்கில் எந்த அமைப்பு அடிக்கடி வருகிறதோ அதற்கு முதலில் இந்த ஜோடியைத் தேடுங்கள். கற்றது அதே வாரத்திலேயே பலகையில் பயன்படும்.

விளக்கம் எழுதியவரைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். ஆட்டக்காரரே, அல்லது அதே தரத்தில் இருந்த இன்னொருவர், சொற்களால் விளக்கியதாக இருந்தால் நல்லது. 1924 நியூயார்க் ஆட்டங்களுக்கு அலெகைனும், 1953 ஜூரிக் ஆட்டங்களுக்குப் பிரான்ஸ்டைனும் எழுதிய விளக்கங்கள் அப்படிப்பட்டவை. வரி வரியாக மாற்று நகர்த்தல்களை மட்டும் கொட்டியிருக்கும் விளக்கம் உங்களுக்கு இப்போது வேண்டாம்.

எழுதப்பட்டதை எல்லாம் அப்படியே நம்பவும் வேண்டாம். ஜெயித்தவர் தொடக்கத்திலிருந்தே எல்லாம் தெரிந்து செய்தார் என்பது போல எழுதுவது பழைய விளக்கங்களின் குறை. முடிவு தெரிந்தபின் எழுதினால் எல்லாமே திட்டம் மாதிரிதான் தெரியும். அதனால் ஆட்டத்தை முடித்த மறுநாள் தோற்றவர் பக்கம் உட்காருங்கள். சால்வேயாக உட்கார்ந்து, சி5 தள்ள எங்காவது ஒரு வாய்ப்பு இருந்ததா என்று தேடுங்கள். அதற்கு ஒரு சிப்பாய் கொடுக்க வேண்டியிருந்தாலும் தகுமா? நீங்களாகத் தேடி முடித்த பிறகு இன்ஜினைத் திறந்து சரிபாருங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலிலேயே இன்ஜினைத் திறந்தால் கேள்வி கேட்கும் பழக்கமே வராது. திறந்தபிறகும், அது கபாபிளாங்காவின் ஒரு நகர்த்தலுக்கு இரண்டாம் இடம் கொடுத்தால் "இவருக்கே தெரியவில்லை" என்று ஒதுக்கிவிட வேண்டாம். கால் சிப்பாய் அளவு வித்தியாசத்தால் நம் தரத்தில் ஆட்டங்கள் முடிவாவதில்லை. ஒரு காய் போய்விடுகிறது என்று அது காட்டினால் மட்டும் நின்று கவனியுங்கள்.

கூடவே உங்கள் சொந்த ஆட்டங்கள். போட்வினிக் தன் ஆட்டங்களைத் தானே விளக்கி எழுதி, பிறர் விமர்சிக்கும்படி வெளியிட வேண்டும் என்று வற்புறுத்தியவர். அந்த அளவுக்கு வேண்டாம். மெதுவான ஆட்டம் ஒன்றை ஆடி முடித்ததும், எந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்தீர்களோ அந்த நிலையை மட்டும் வரைந்து வையுங்கள். மாஸ்டர் ஆட்டம் படிக்கும்போது அதைப் போன்ற நிலை வந்தால் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் அப்படி "16. யானை எஃப்2" என்பதற்கு எதிரே என்னுடைய நான்கு ஆட்டங்களின் தேதிகள் இருக்கின்றன.

டாக்டிக்ஸை நிறுத்திவிடாதீர்கள், தினம் கால் மணி நேரமாவது தொடருங்கள். வாரத்துக்கு ஒரு ஆட்டம், அதற்கு மேல் வேண்டாம். முதல் இரண்டு மாதம் ரேட்டிங்கில் ஒன்றும் தெரியாது. யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்வதால் கொஞ்சம் இறங்கினாலும் இறங்கும், பயப்பட வேண்டாம். மூன்று நிமிட ஆட்டங்களை அந்தச் சமயத்தில் குறைத்துக்கொள்வது நல்லது, புதிதாகக் கற்றதை யோசித்துப் பார்க்க அதில் நேரமே கிடைக்காது. பதினைந்து நிமிடமோ அதற்கு மேலோ உள்ள ஆட்டங்களை ஆடுங்கள். ரூபின்ஸ்டைன்–சால்வேயில் தொடங்குங்கள், ஒன்பதாவது நகர்த்தலிலிருந்து மூடிக்கொள்ளுங்கள். 14, 16, 19 மூன்றிலும் நீங்கள் எழுதிய காரணங்களை இங்கே பதிலாகப் போட்டால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.